பூக்கொட்டகை மூஞ்சூறு

இந்த மாதம் என் முறை என்று சொல்லிவிட்டீர்கள். காலையில் சேர்ந்து நடக்கிற நம் திருநகர் நடைக்கூட்டத்தில் போன மாதம் வாசித்தவர் ஆற்றில் வெள்ளம் வந்ததை எழுதிக்கொண்டு வந்தார். அதற்கு முந்தின மாதம் இன்னொருவர் முதன்முதலில் ரயில் ஏறியதை வாசித்தார். என்னிடம் வெள்ளமும் இல்லை, ரயிலும் இல்லை. ஒரு மூஞ்சூறுதான் இருக்கிறது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு மூச்சு முன்னே மாதிரி இல்லை, நடுவில் நிறுத்தினால் அவசரப்படுத்தாதீர்கள்.

போன வாரம் மருமகள் அடுப்படியில் பசை தடவிய அட்டை ஒன்றை வைத்திருந்தாள். காலையில், "அத்தை, எலி மாட்டிக்கிச்சு" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். எலி இல்லை. நீண்ட மூக்கு, கடுகளவு கண், சாம்பல் நிறத்தில் பட்டு மாதிரி உடம்பு. செத்துக் கிடந்தது. மூஞ்சூறு அரை நாள் இரையில்லாமல் கிடந்தாலே செத்துப் போகும், ஓயாமல் தின்றுகொண்டே இருக்க வேண்டிய பிறவி அது. "எலி இல்லம்மா, மூஞ்சூறு" என்றேன். "எதுவா இருந்தா என்னத்தை, நாத்தம் தாங்கல" என்று அட்டையோடு மடித்துக் கொண்டுபோய்ப் போட்டாள். அவள் மேல் தப்பில்லை. எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின கோடை. எனக்கு எட்டு வயது. இன்று கப்பலூரில் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றனவே, அதற்கு மேற்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு அங்கே மாடு கட்டி இறைக்கிற கமலைக் கிணறும் கிணற்றைச் சுற்றி மல்லிகைத் தோட்டமும் இருந்தன. மல்லிகைக்குக் கோடைதான் காலம். பங்குனி பிறந்துவிட்டால் செடி முழுக்க மொட்டாக நிற்கும். விடிவதற்கு முன்னால், மொட்டு இறுகி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். எடுத்த மொட்டைக் கொட்டகையில் வைத்து ஈச்சங்கூடையில் அடைத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடுவார்கள். சித்தப்பா வண்டி கட்டிக்கொண்டு சிம்மக்கல் பக்கத்தில் இருந்த பூக்கடைக்குக் கொண்டுபோவார். வெயிலில் மொட்டு வாய் திறக்காமல் போய்ச் சேருவது அந்த ஈரத்துணியால்தான். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அம்மா மாற்றுக்கு ஒன்றோடு சேர்த்து மூன்று துணி செய்து வைத்திருந்தாள்.

கொட்டகை என்று பெரிதாகச் சொல்கிறேன். நாலு கால், பனையோலைக் கூரை, மூன்று பக்கம் மண்சுவர். மூலையில் மாட்டுக்கான சோளத்தட்டை அடுக்கியிருக்கும். பள்ளிக்கூடம் போகிற வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இல்லை. தம்பி திண்ணைப் பள்ளிக்கூடம் போய்விடுவான். நான் பகல் முழுக்க அந்தக் கொட்டகையில் கிடப்பேன். காலிக் கூடை உருளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆடு வந்தால் விரட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அங்கேதான் மூஞ்சூறு இருந்தது. முதலில் சத்தம்தான் கேட்டது. கீச் கீச்சென்று சுவரோரமாக ஒரு சத்தம் போகும். கண் அதற்குப் பெயருக்குத்தான் உண்டு, மூக்கை வைத்துத்தான் பிழைப்பு. சுவரை விட்டு விலகி நடுத்தரைக்கு வரவே வராது. அந்த மூக்கு ஒரு கணம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. மேலே கீழே, இடம் வலம் என்று ஆடிக்கொண்டே இருக்கும். கரப்பானைக் கண்டால், கண்டால் என்ன, மோந்தால், பாய்ந்து தலைப்பக்கமாகக் கவ்வும். கறுக்கு முறுக்கென்று கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். ஒருநாள் தட்டைக்கு அடியிலிருந்து வெளியே வந்த ஒரு தேளோடு அது மல்லுக்கட்டியதைப் பார்த்தேன். பின்வாங்கும், சுற்றும், மறுபடி பாயும். கடைசியில் தேளின் வால் மட்டும் தரையில் கிடந்தது. அந்த வாலைக் குச்சியால் தள்ளிக்கொண்டு போய்க் கிணற்று மேட்டில் எறிந்தேன்.

மூஞ்சூறு தானியத்தைத் தொடாது, கயிற்றைக் கடிக்காது, கூடையை ஓட்டை போடாது. அதற்கு வேண்டியதெல்லாம் பூச்சிதான். பாத்திக்குள் போய் மண்ணைக் கிளறி வெட்டுக்கிளிக் குஞ்சையும் புழுவையும் தின்னும். உள்ளபடிக்கு எங்கள் தோட்டத்துக்கு அது கூலியில்லாத வேலையாள். ஆனால் அதன் விலாவில் ஒரு வாடை உண்டு. பயந்தாலும் கோபம் வந்தாலும் அந்த வாடையை விடும். எங்கள் பூனை ஒருமுறை அதைக் கவ்விவிட்டு, த்தூ என்று துப்பாத குறையாகப் போட்டுவிட்டு, வாயைப் புல்லில் தேய்த்துக்கொண்டு போனது. தினமும் பக்கத்தில் இருந்து இருந்து எனக்கு அந்த வாடை பழகிப்போயிற்று. மூக்குக்குத் தெரியவே இல்லை. பிறகு நடந்த அத்தனைக்கும் அதுதான் ஆரம்பம்.

எங்கள் ஊரில் மூஞ்சூறை யாரும் அடிக்க மாட்டார்கள். பிள்ளையார் வாகனம். வீட்டுக்குள் வந்தால்கூட அம்மா விளக்குமாற்றை எடுக்க மாட்டாள், கையைத் தட்டி, "போங்க, அங்கிட்டுப் போங்க" என்று மரியாதையோடுதான் சொல்வாள். அதன் மேல் ஒரு குற்றம் சொன்னால் விளைச்சல் போகும் என்று பயம். இருக்கிற இடத்தைக்கூடச் சத்தமாகச் சொல்லக் கூடாது. அதனால் கொட்டகையில் மூஞ்சூறு குடியிருக்கிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அது என் சொத்து என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

சித்திரை மாதத்தில் அது தட்டைக்கு அடியில் குட்டி போட்டது. ஐந்து குட்டிகள், விரல் நுனி அளவு, ரோமமில்லாமல் சிவப்பாக. கூடைத் தண்ணீர் ஒழுகி அந்த மூலை எப்போதும் சதசதவென்று இருக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்று துணியில் ஒன்றை எடுத்து, மடித்து, பொந்து வாயில் வைத்தேன். சற்று நேரத்தில் துணியின் ஓரம் உள்ளே போவது தெரிந்தது. தாய்தான் இழுத்தது. இத்தனூண்டு உடம்புக்கு அம்புட்டுப் பெலம். நான் கையைத் தட்டிச் சிரித்தேன்.

இப்போது பூ எடுக்க வந்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பெயர் இருந்தது. முப்பது வயதுக்காரியை எட்டு வயதில் நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவள் என்னைப் பாப்பா என்பாள். அந்தக் காலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? இங்கே அந்தப் பெயரை நான் எழுதவில்லை. இந்த வாயால் கூப்பிட்டது போதும்.

ஊருக்குத் தெற்கே, கண்மாய்க்கு அந்தப் பக்கம் அவர்கள் தெரு. நிலம் கிடையாது. எங்கள் தோட்டத்தில் நாலு பெண்கள் பூ எடுத்தார்கள், அதில் கை வேகம் அவளுக்குத்தான். இரண்டு கையாலும் எடுப்பாள், ஒரு மொட்டு நசுங்காது. அவளுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. புருஷன் மலைத்தோட்ட வேலைக்கென்று போனவன் வரவில்லை. இருட்டோடு குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வருவாள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும், ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பிள்ளையை எடுத்துவிடுவாள். கைப்பிள்ளைக்காரிக்கு அந்த ஊரில் இந்த ஒரு வேலைதான் தோதுப்படும். மற்றதெல்லாம் முழுநாள் வேலை. "பூவு இருக்கிற வரைக்கும் எம்புள்ள பட்டினி இல்ல பாப்பா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

துணி வைத்து ஏழெட்டு நாள் கழித்து அம்மா, "மூணாவது துணி எங்க?" என்று கேட்டாள். நான் காலிக் கூடையை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். "பூவெடுக்க வர்றவளுக யாராச்சும் சுருட்டியிருப்பாளுக" என்றாள் அம்மா. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானமே தட்டையை விலக்கித் துணியை இழுத்தேன்.

அப்போது பார்த்ததை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். குட்டிகளுக்கு அதற்குள் சாம்பல் ரோமம் முளைத்திருந்தது. தாய் கீச்சென்று கத்தியது. ஒரு குட்டி ஓடிவந்து தாயின் வாலடியை வாயால் கவ்வியது. அடுத்தது அந்தக் குட்டியின் வாலடியைக் கவ்வியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஐந்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதும் தாய் நடந்தது. சுவரோரமாக ஒரு கயிறு தானாக நகர்ந்து போவது மாதிரி வளைந்து வளைந்து போய் அடுத்த மூலைக்குள் நுழைந்தது. ஒன்றுகூட விடவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கையில் இருந்த துணியை அரைகுறையாக வாய்க்காலில் முக்கி அலசி, காயப்போட்டு, மற்ற இரண்டோடு சேர்த்து வைத்துவிட்டேன். வாடை இருக்கிறதா என்று மோந்துகூடப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் உச்சி வெயில் நேரத்துக்கெல்லாம் சித்தப்பா ஒரு கூடையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். கொட்டகை முன்னால் கூடையைத் தொப்பென்று வைத்தார்.

"என்னண்ணே பூ இது? கடைக்காரரு மூஞ்சியிலே அடிச்ச மாதிரி சொல்றாரு. நாத்தம் பிடிச்ச பூவ சாமிக்குப் போடுறதா, கல்யாணத்துக்குக் குடுக்குறதான்னு கேக்குறாரு. யாரு கைய்யா பட்டுச்சுங்கறாரு."

அப்பா மோந்து பார்த்தார். முகம் சுளித்தது. அன்று பூவைக் குப்பைமேட்டில் கொட்டச் சொன்னார். அம்மா துணிகளைச் சாம்பல் போட்டு அலசினாள். மூஞ்சூறு வாடை சாம்பலுக்குப் போகுமா? அதற்கு மறுநாளும் ஒரு கூடை திரும்பி வந்தது. அதே துணி மூடிய கூடை.

அன்று வெள்ளிக்கிழமை. நாலு பெண்களையும் சித்தப்பா போய்க் கூட்டிவந்தார். கொட்டகைக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். நான் சொன்ன அந்தக் கைப்பிள்ளைக்காரி கூடையைக் குனிந்து மோந்தாள். மேலே கிடந்த துணியைத் தொடாமலே மோந்தாள். உடனே நிமிர்ந்தாள்.

"அய்யா, இது மூஞ்சூறு வாடைய்யா. கொட்டகையில எங்கிட்டோ குடியிருக்கு. துணியில படுத்து எந்திரிச்சிருக்கு."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா வாகனத்து மேலயா பழியப் போடுற? வாயக் கழுவு!"

"பழி போடலம்மா. தட்டைய விலக்கிப் பாத்தாத் தெரிஞ்சுரும்."

"அதக் கிண்டிக் கலச்சு எங்களுக்குப் பாவம் சேக்கணுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். அப்பா நல்லவர் என்றுதான் நான் இன்றும் சொல்வேன். நியாயமாக ஒரு கேள்வி கேட்டார். "நீதான பகலெல்லாம் இங்க கெடக்க. மூஞ்சூறு எதையும் பாத்தியா?"

நாலு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். துணி நினைவுக்கு வந்தது. அம்மாவின் கைக்குப் புளியங்குச்சி எப்போதும் கிடைக்கும் என்பதும் நினைவுக்கு வந்தது.

"இல்லப்பா" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு சொல். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அம்மாதான் மேற்கொண்டு பேசினாள். "நாலு பேருல கைப்புள்ளக்காரி இவ ஒருத்திதான். மாரு நனைய நனைய ஓடி வாரா. பால் கவிச்சி பூவுல ஏறியிருக்கு. வேற என்ன?"

"கைய நல்லாத் தேச்சுக் கழுவிட்டுத்தாம்மா வாரேன்" என்றாள் அவள். கையை நீட்டிக் காட்டினாள். யாரும் பக்கத்தில் போய் மோந்து பார்க்கவில்லை. சித்தப்பா நின்ற இடத்தில் இருந்தே மூக்கைப் பிடித்துக்கொண்டார். மற்ற மூன்று பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாவம், அவர்களுக்கும் வேலை வேண்டுமே.

எனக்குத் தம்பி பிறந்த வருஷம், மார் நனைய நனைய இருந்த அதே அம்மாதான் தினமும் பூக் கட்டிச் சாமிக்குப் போட்டாள். அப்போது எந்தக் கவிச்சியும் பூவில் ஏறவில்லை. பால் என்று அம்மா சொன்னது ஒரு மரியாதைக்கு. மனசுக்குள் இருந்தது எது என்று நம் வயசுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சொல்லவே அலுப்பாக இருக்கிறது.

"நாளையிலருந்து நீ வர வேணாம்" என்றார் அப்பா. அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "அய்யா, புள்ளைய வெச்சுக்கிட்டு வேற எங்கிட்டும் போக முடியாதுய்யா" என்றாள். அப்பா கமலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அவள் போனதும் அம்மா அந்த மூன்று துணியையும் எடுத்து, அவள் கை பட்ட துணி என்று அடுப்பில் போட்டு எரித்தாள். புது வேட்டி ஒன்றைக் கிழித்தார்கள். மறுநாள் பூவில் வாடை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "பாத்தீங்களா, அவ நின்னதும் நாத்தமும் நின்னு போச்சு" என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டு வேறு தோட்டக்காரர்களும் அவளைச் சேர்க்கவில்லை. எரிந்தது என்ன துணி என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மூஞ்சூறும் குட்டிகளும் சௌக்கியமாக இருந்தன. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை. கீச் சத்தம் கேட்டால் எழுந்து கிணற்று மேட்டுக்குப் போய்விடுவேன். பிறகு ஒருநாள் அடுப்படியில் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "அவ செங்கச் சூளைக்குப் போறாளாம். புள்ளையப் பக்கத்துல மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு வெயில்ல மண்ணு மிதிக்கிறாளாம். புள்ளைக்கு வயித்தால போகுதாம், பாவம்." பாவம் என்றும் அவள்தான் சொன்னாள். குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்.

அன்று சாயங்காலம் அப்பா கிணற்றடியில் கால் கழுவும்போது போய் நின்றேன். துணி எடுத்தது, குட்டிகள், கயிறு மாதிரி போனது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அடி விழும் என்று முதுகை இறுக்கி வைத்துக்கொண்டேன். அப்பா அடிக்கவில்லை. கையில் இருந்த தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுக் கேட்டார்.

"வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்லப்பா."

"சொல்லாத. போ, போய்ச் சாப்பிடு."

அவர் நம்பினார் என்பது எனக்கு மறுநாளே தெரிந்தது. பூ எடுத்த பெண்களெல்லாம் போன பிறகு அப்பாவும் சித்தப்பாவும் தட்டையை ஒவ்வொரு கட்டாக விலக்கினார்கள். மூலையில் அவை இருந்தன. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு முறத்தில் மல்லிகை மொட்டைத் தூவி, அச்சு வெல்லம் ஒன்றும் வைத்து, பக்கத்தில் பிடித்தார்கள். சித்தப்பா குச்சியால் மெல்லத் தட்டினார். தாய் கீச்சென்றது. குட்டிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. முழு வரிசையும் முறத்தில் ஏறியது. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், முறத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கண்மாய்க்கரைப் பிள்ளையார் கோயில் வரை நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அரசமரத்து வேர்ப்பொந்தில் இறக்கிவிட்டு, சூடம் கொளுத்தினார்கள். மூஞ்சூறு வெல்லத்தைத் தொடுமா? பூச்சிதானே அதற்கு இரை. எறும்புதான் தின்றது.

திரும்பி வந்து கொட்டகைப் பொந்தையெல்லாம் அப்பா மண் குழைத்து அடைத்தார். துணிகளை இனித் தரையில் போடக் கூடாது, கொடியில்தான் தொங்க வேண்டும் என்று சட்டம் போட்டார். நான் சொன்ன உண்மையில் ஒரு துளியும் வீணாகவில்லை, பூவுக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆயிற்று. நான் அவள் வருவாள், வருவாள் என்று நாலு நாள் பார்த்தேன்.

"அவள எப்பப்பா கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

அப்பா எரிந்து விழவில்லை. அலுத்துப்போன குரலில்தான் சொன்னார். "கூப்பிட்டா நாமதான் தப்புன்னு ஆயிரும்த்தா. கடைக்காரருட்ட என்ன சொல்றது, ஊருல என்ன சொல்றது? அவ எடத்துக்கு ஆளும் போட்டாச்சு. விடு."

எனக்கு விட முடியவில்லை. அன்று வீட்டில் சொல்லாமல் கண்மாய்க்கரையைத் தாண்டிப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல்தடவை. அவள் அப்போதுதான் சூளையிலிருந்து வந்திருந்தாள். காலெல்லாம் செம்மண். வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கை வெறும் தோலாகத் தொங்கியது.

"எதுக்குப் பாப்பா இங்கிட்டு வந்த? ஆரும் பாத்தா என்னையத்தான் வைவாக."

"மூஞ்சூறு இருந்துச்சு. நான் பாத்தேன். பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும். தெனம் குடிசைக்குள்ள ஓடுற சனியன், அந்த வாடை எனக்குத் தெரியாதா? ஓம் மூஞ்சியையும் அன்னைக்குப் பாத்தேன்ல." பிள்ளையை அடுத்த பக்கம் மாற்றிக்கொண்டாள். "அய்யாட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அப்பா சொன்னதை என்னால் சொல்ல முடியவில்லை. அவள் வந்து நேரில் நின்றுவிட்டால் அப்பா போ என்று சொல்ல மாட்டார் என்று என் எட்டு வயசு புத்தி நினைத்தது.

"ஒன்னைய வரச் சொன்னாரு."

"நெசமாவா?"

"நெசந்தான்."

அவள் சிரித்தாள். பிள்ளையின் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டு, "கேட்டியாடா, வெயிலுக்கு முன்னாடியே ஆத்தா வந்துருவேன்" என்றாள். பிறகு என்னிடம், "நீ ஓடு பாப்பா. விடியக்காலம் நான் வாரேன்" என்றாள். நான் கண்மாய்க்கரை முழுக்க ஓடினேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் ஓடினேன்.

மறுநாள் விடியக்காலம் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் பூ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்பாவோடு வந்திருந்தேன். அவள் வரப்பில் வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தாள். கையை அப்போதுதான் கழுவியிருக்க வேண்டும், ஈரம் சொட்டியது. நேரே தன் பழைய பாத்தியில் போய் நின்றாள். அங்கே புதிதாகச் சேர்ந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அப்பா அரிக்கேனை உயர்த்தினார். "ஒன்னைய யாரு வரச் சொன்னது?"

"நீங்கதானய்யா." அவள் குரலில் சிரிப்பு இன்னும் இருந்தது. "பாப்பா வந்து சொல்லுச்சே. மூஞ்சூறுன்னு தெரிஞ்சுபோச்சு, அய்யா வரச் சொன்னாகன்னு."

எல்லோருடைய கையும் நின்றது. சித்தப்பா கூடையைக் கீழே வைத்தார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னியா?"

"ஆமாப்பா" என்றேன். இந்தத் தடவை பயப்படவில்லை. "மூஞ்சூறுதான்ப்பா. ஒங்ககிட்டச் சொன்னேன்ல. நீங்களும் பாத்தீங்கள்ல."

அப்பா முகம் ஒரு கணம் எப்படியோ ஆயிற்று. சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்போது சித்தப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் சிரித்தார்.

"எட்டு வயசுப் புள்ள சொல்றதெல்லாம் ஒரு பேச்சா? அது வெளையாட்டுக்கு எதையாச்சும் ஒளறும். அத நம்பியா கெளம்பி வந்த?"

"நேத்து ராவே சூளைக்குப் போயி இனி வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேனேய்யா."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? ஆளு இருக்காக. போ."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். எங்கள் தோட்டத்தில் கூலிக்கு நின்ற ஒரு பெண் அப்பாவை அப்படி நேருக்கு நேர் பார்த்து நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

"அன்னைக்கு இல்லன்னு சொன்னதும் இதே எட்டு வயசுப் புள்ளதானய்யா?" என்றாள்.

அப்பா அரிக்கேனைக் கீழே இறக்கினார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வரப்பில் ஏறிப் போனாள். புதிதாக வந்தவள் விசும்புகிற மாதிரி மூக்கை உறிஞ்சினாள்.

"வெயில் ஏறிருச்சு, வெரசா எடுங்க" என்றார் அப்பா. கிழக்கே அப்போது வெளுக்கக்கூட ஆரம்பிக்கவில்லை.